நூலகப் படி ஏற முடியாத அண்ணனுக்கும், நேரம் கிடைக்காத தங்கைக்கும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் அண்ணனுக்கு 52 வயது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீல்சேரில்தான் நடமாட்டம். இப்போது கண்ணும் மங்கிவிட்டது, பேப்பரில் தலைப்பு மட்டும்தான் தெரிகிறது என்கிறார். யார்டில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் நாவல் படித்தே கழித்தவர். நான் சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதாகிவிடும் வீடு திரும்ப. எங்கள் பகுதிக் கிளை நூலகம் காலையில் மூன்றரை மணி நேரம், மாலையில் மூன்றரை மணி நேரம் திறந்திருக்கும். ஞாயிறு தவிர எனக்கு வழியே இல்லை. வாசலில் மூன்று படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அழைத்துப் போனேன். அங்கிருந்தவர்கள் நல்ல மனதோடு, “சேரோட தூக்கிடறோம்மா” என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் போகவே இல்லை. நான் எடுத்த புத்தகத்தையும் தவணைக்குள் திருப்பித் தர முடியாமல் போய், வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். எங்களைப் போன்றவர்கள் நூலகத்தைப் பயன்படுத்த வழி உண்டா? இதையெல்லாம் கேட்டால் சலுகை கேட்பது போல் ஆகாதா?
— ஒரு வாசகி, வடசென்னை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது தெளிவாகாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. நீங்கள் சலுகை கேட்கவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் மாநிலத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்று வசூலிக்கிறார்கள். இன்றைக்கு அது சொத்து வரியில் 10 சதவீதம். நாங்கள் வாடகைக்குத்தானே இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிளை நூலகத்தின் அலமாரி, மின்விசிறி, நாளிதழ் எல்லாவற்றிலும் உங்கள் வீட்டுப் பணம் இருக்கிறது. பணம் கட்டியவர் உள்ளே வர முடியவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது நூலகம். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

அண்ணன் மறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் செய்தது சரி. தூக்குகிறோம் என்று சொன்னவர்களின் மனம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதரை, தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர் தூக்கிப்போவது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பாதுகாப்பும் இல்லை. வீல்சேரின் கைப்பிடியும் கால்தாங்கியும் ஆளைச் சேர்த்துத் தூக்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிடித்த பிடியில் ஒன்று கழன்று வந்தால் கீழே விழுவது அவர்தான். சர்க்கரை நோயாளிக்கு ஒரு சிராய்ப்பு ஆறவே எத்தனை வாரம் ஆகும் என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதனால் ‘அன்றைக்குப் போயிருக்கலாமே’ என்று அவரிடம் இனி சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அண்ணனின் பிரச்சினை ஒன்று, உங்கள் பிரச்சினை வேறு என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நூலகத் துறையில் காலத்தைக் கழித்த எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. வாசகர் நேரில் வருவார், நாம் சொல்லும் நேரத்துக்கு வருவார், படியேறி வருவார் என்று எண்ணித்தான் அந்தக் கிளையை அமைத்திருக்கிறார்கள். அண்ணனால் படியேற முடியவில்லை, உங்களால் நேரத்துக்கு வர முடியவில்லை. புத்தகம் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் இரண்டும் ஒரே நாளில் தீரும். சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது இரண்டாவது விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு விதி அதிலேயே இருக்கிறது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. புத்தகம் ஆளைத் தேடிப் போவது நம் ஊருக்குப் புதிதல்ல.

இப்போது அதற்குத் திட்டமும் இருக்கிறது. நூலகத்துக்கு வர இயலாத மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் போன்றோருக்குத் தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க, 2022-ல் பொது நூலகத் துறை ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. உங்கள் கிளையில் அது நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். “எங்க கிளையில ஆள் இல்லையேம்மா” என்று நூலகர் சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். ஆளை நீங்களே காட்டலாம். உங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். தியாகராயா கல்லூரி பக்கத்தில்தானே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூலகத்துக்குப் போய் மூன்று புத்தகம் வாங்கி வருவது ஒரு மாணவருக்குப் பெரிய வேலை இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரைத் தன்னார்வலராகப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அண்ணனுக்கு அவர் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வேண்டும். உங்கள் அட்டையில் அவருக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நூலகக் கணக்கில் வாசகராக அவர் பெயர் ஏறினால்தான் ‘எங்கள் கிளையில் வீல்சேரில் வரும் வாசகர் ஒருவர் இருக்கிறார்’ என்று நாளைக்கு நூலகர் மேலே எழுத முடியும். பெயர் இல்லாத வாசகருக்காகச் சாய்தளம் கட்ட யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். அட்டையை எடுத்துவந்து புத்தகம் வாங்க இன்னாரை அனுமதிக்கிறேன் என்று அண்ணன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.

எந்தப் புத்தகம் என்று தேர்ந்தெடுப்பதும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குப் புத்தகம் தரும் ஏற்பாடுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘பாவம், உடம்பு முடியாதவர்’ என்று தன்னம்பிக்கைப் புத்தகமும் ஆன்மிகப் புத்தகமும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். லாரி யார்டில் நாவல் படித்தவருக்கு அதெல்லாம் எதற்கு? உங்கள் போனில் நூலகத்தின் நாவல் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படம் எடுத்து வாருங்கள். முதுகுப் பக்கத்துத் தலைப்பு தெரிகிற மாதிரி, கொஞ்சம் கிட்டே நின்று. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும். வீட்டில் அதைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாததை வாசித்துச் சொல்லுங்கள். அவர் பத்துப் பெயர் சொல்லட்டும். அந்தப் பட்டியலை நூலகரிடம் கொடுத்துவிட்டால், எது கையில் இருக்கிறதோ அதை எடுத்து வைப்பார். பட்டியல் கையில் இருந்தால் நூலகர்களுக்கும் உற்சாகம்தான். இந்த ஆசிரியருடையது இன்னொன்றும் உள்ளே கிடக்கிறது, அனுப்பட்டுமா என்று அவர்களே கேட்பார்கள்.

அடுத்து கண். நான் மருத்துவன் அல்ல, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரை நோயாளிக்குக் கண் மங்கினால் கண்ணாடி மாற்றுவதோடு நிற்கக் கூடாது. விழித்திரையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு இந்த மாதமே அழைத்துப் போங்கள். நாள் தள்ளினால் இருக்கிற பார்வையும் போகக்கூடும்.

படிப்பதற்கு இப்போதைக்குப் போன் நல்ல துணை. ஆனால் எல்லா மின்னூலும் ஒன்றல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின் நூலகத்தில் பழைய அரிய நூல்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தைப் படம் பிடித்து வைத்தவை. படத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். இரண்டு பக்கத்தில் அலுத்துவிடும். போனாலும் அதை வாய்விட்டு வாசிக்க முடியாது. அவருக்கு வேண்டியது யூனிகோட் எழுத்தில், அதாவது படமாக இல்லாமல் தட்டச்சு எழுத்தாகவே இருக்கும் நூல்கள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி மடங்கித் திரைக்குள்ளேயே நிற்கும். தமிழ் விக்கிமூலம் என்ற இணையதளத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல அப்படித் தட்டச்சாகி, மெய்ப்புப் பார்க்கப்பட்டுக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் 1998 முதல் சேர்ந்துகொண்டே வரும் நூல்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மை என்ற பகுதியில், தேர்ந்தெடுத்ததை வாசிக்கும் வசதியை முடுக்கிவிட்டு, குரலைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். முதல் நாள் அந்தக் குரல் உயிரில்லாமல் கேட்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், காது பழகிவிடும்.

புதிய நாவல்களுக்கு என்ன செய்வது? பல நூலகர்களுக்கே தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக ஒரு நூலை அவருக்கு ஏற்ற வடிவத்துக்கு, அதாவது ஒலியாகவோ பெரிய எழுத்தாகவோ கணினி வாசிக்கும் கோப்பாகவோ, மாற்றிக்கொள்ள பதிப்பாளரிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை. லாப நோக்கம் இருக்கக் கூடாது, மற்றவர்களுக்குச் சுற்றுக்கு விடக் கூடாது, அவ்வளவுதான். உலக அளவில் இதே நோக்கத்தோடு மராகேஷில் உருவான உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. ஆகவே நூலகத்தில் வாங்கிய நாவலின் பக்கங்களை அண்ணனுக்காகப் போனில் படம் பிடித்து, கூகுள் லென்ஸ் போன்ற ஒன்றில் எழுத்தாக மாற்றி, அவருக்கு வாசிக்கக் கொடுப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒரு சின்னக் குறிப்பு: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான புத்தகங்களில் பழைய ணை, லை, றா வடிவங்கள் இருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறும். பின்னால் வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் அவர் சேரலாம். பார்வைக் குறைபாட்டுக்கான சான்றிதழ் தேவைப்படும், அதனால் கண் பரிசோதனையின்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். (பிரெய்ல் படிக்கும் வாசகர்களுக்கு: பிரெய்ல் நூல் பொட்டலங்களை 7 கிலோ வரை தரைவழி அஞ்சலில் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம்.)

இனி அந்த மூன்று படி. வீட்டுக்குத்தான் புத்தகம் வந்துவிட்டதே, படியை எதற்குப் பேச வேண்டும் என்று நூலகத்தில் சொல்லக்கூடும். அண்ணனேகூடச் சொல்லக்கூடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டுக்கு வரும் புத்தகம் அவசரத்துக்கு. அதுவே நிரந்தரம் என்று ஆகிவிட்டால் வீல்சேரில் இருக்கும் வாசகரை அந்தக் கட்டடம் கடைசிவரை பார்க்கப்போவதில்லை. மனிதர்கள் நூலகத்துக்குப் புத்தகத்துக்காக மட்டும் வருவதில்லை. மாலை நாளிதழுக்கு வருகிறவர், அரசியல் பேச வருகிறவர், வீட்டுச் சத்தத்திலிருந்து தப்பிக்க வருகிறவர் என்று அது ஓர் ஊர்த் திண்ணை. அண்ணனுக்கும் அதில் இடம் வேண்டும்.

படி இருப்பதற்குக் காரணமும் உண்டு. நம் பக்கத்தில் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத்தான் வாசலை ஏற்றிக் கட்டினார்கள். எனவே சாய்தளம் கேட்டால், “தண்ணி உள்ள வந்துடும்” என்ற பதில் வரலாம். சாய்தளத்துக்காகத் தரையைத் தாழ்த்த வேண்டியதில்லை. இருக்கிற உயரத்துக்கே ஏறி வருவதுதான் சாய்தளம். கணக்கு எளிது. ஓர் அங்குலம் ஏறுவதற்கு 12 அங்குல நீளம் வேண்டும். படி ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மூன்று படிக்கு 45 செ.மீ., அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர், ஏறத்தாழ 18 அடி. வாசலுக்கு நேரே 18 அடி தெருவில் நீட்ட முடியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம், இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பலாம். அகலம் நான்கடி இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே கதவுக்கு முன்னால் வண்டி நின்று திரும்பச் சமதளம். இதைச் சொல்லாமல் ‘சாய்தளம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், மூன்று படிமேலும் சிமென்டைச் சரித்துப் பூசிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அந்தச் சரிவில் ஏறினால் வீல்சேர் பின்பக்கமாகக் கவிழும். டேப் எடுத்துக்கொண்டு போய்ப் படியை அளந்து, அளவோடு எழுதுங்கள்.

உள்ளேயும் ஒரு விஷயம். நாளிதழ் விரிக்கும் அந்தச் சரிவான மர மேசை நின்று படிப்பவருக்காகச் செய்தது. வீல்சேரில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்தின் மேல்பாதி கண்ணுக்கே எட்டாது. கீழே முழங்கால் நுழைகிற மாதிரி, 70 செ.மீ.யாவது இடைவெளி உள்ள சாதாரண மேசை ஒன்றும், அதன்மேல் ஒரு மேசை விளக்கும், பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் வைத்தால் அண்ணன் போன்றவர்களுக்கும், கண் மங்கிய முதியவர்கள் எல்லோருக்கும் உதவும். இதற்கு அரசு ஆணை வரவேண்டியதில்லை, வாசகர் வட்டமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன்படி, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் விதிகளைக் கட்டாயமானவையாக வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இதை வைத்து நூலகரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கட்டடத்தில் ஒரு செங்கல்லை மாற்றவும் அவருக்கு அதிகாரமில்லை. உங்கள் மனு அவர் கையில் ஆயுதமாக இருக்கட்டும். மனுவை இப்படி எழுதலாம்:

“நான் இந்தக் கிளையின் உறுப்பினர், எண் இன்னது. வீல்சேரில் இயங்குகிறேன், பார்வைக் குறைபாடும் உண்டு. வாசலில் 45 செ.மீ. உயரத்துக்கு மூன்று படிகள் இருப்பதால் உள்ளே வர இயலவில்லை. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், கைப்பிடியுடன் சாய்தளம் அமைத்துத் தர வேண்டுகிறேன். அதுவரை நூலக நண்பர்கள் திட்டத்தில் என் வீட்டுக்குப் புத்தகம் தரவும், தொலைபேசியில் தவணை நீட்டிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.”

கையெழுத்து அண்ணனுடையது. ஒரு பிரதி நூலகருக்கு, ஒரு பிரதி அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கு. இன்னொன்றை உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் கொடுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்யக்கூடிய அளவுக்குச் சின்ன வேலைதான் இது.

உங்களைப் பற்றியும் பேச வேண்டும். தவணை தாண்டிய புத்தகத்தை இந்த ஞாயிறே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தாமதக் கட்டணம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது, புத்தகம் திரும்பி வந்ததே என்று நூலகர் சந்தோஷப்படுவார். மூடிய பிறகு புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போக, வாசலில் அஞ்சல் பெட்டி மாதிரி பூட்டிய பெட்டி ஒன்றை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடை, மார்க்கெட், கம்பெனி என்று இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவர்கள் நிறைந்த பகுதி வடசென்னை. அந்தப் பெட்டி அத்தனை பேரையும் நூலகத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் என்பது என் நம்பிக்கை. மாலை நேரத்தை வாரத்தில் இரண்டு நாளாவது ஒன்பது வரை நீட்டக் கேட்பதும் நியாயமே. ஆனால் ஒரே ஒரு நூலகர் இருக்கும் கிளையில் அது அவர் தலையில் விழும் என்பதால், கூடுதல் ஆளோடு சேர்த்துக் கேளுங்கள். வாசகர் வட்டத்தில் சேருங்கள். அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் பேசினால்தான் நேரத்தைப் பற்றிய பேச்சே எழும்.

சாய்தளம் வரும்வரை அண்ணன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. தண்டையார்பேட்டை மெட்ரோ வரை ஆட்டோவில் போனால், அங்கே லிஃப்ட் உண்டு, ரயிலில் வீல்சேரோடு ஏறலாம். வண்டி மாறாமல் சைதாப்பேட்டை வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்த கட்டடம், லிஃப்ட் இருக்கிறது, தரைத் தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிப் போய்வாருங்கள். மருந்து, ஊசி, சாப்பாட்டு நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனுவைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், அதே மனுவோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அப்போது ஒப்புகைப் பிரதியின் நகலையும், நீங்கள் அளந்த படியின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.